வடக்கு ஜன்னல் குறிப்புகள்

உடம்பைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். "என்னத்தா இப்படி இளைச்சிட்ட?" "நல்லா பூசின மாதிரி ஆயிட்டியே!" "வெயில்ல அலைஞ்சியா, கருத்துப் போயிட்ட." எல்லாம் நலம் விசாரிப்புதான். சொல்பவர் மனதில் பெரும்பாலும் பிரியமே இருக்கும். கேட்டவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போவார். அப்புறம் குரூப் போட்டோ எடுக்கிற நேரத்தில் பின்வரிசைக்கு நகர்வார்.

பல வருடம் கல்யாணப் படம் எடுத்தவள் நான். அந்தப் பின்வரிசையை நன்றாகத் தெரியும். அடுத்தவர் தோளுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளிப்பவர்கள், யார் வீட்டுக் குழந்தையையாவது வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொள்பவர்கள், கைப்பையை முன்னால் பிடிப்பவர்கள். "நான் எடுக்கிறேன், நீங்க எல்லாரும் நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு ஆல்பத்தில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்த படங்கள் வரிசையாக இருக்கும், அம்மா மட்டும் எங்கும் இல்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த வேலை தொடங்கியது. தன் உடம்பைத் தானே எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பற்றிய உருவப்படங்கள். மதுரையில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறை, வடக்கு பார்த்த பெரிய ஜன்னல், ஒரு ஸ்டூல், வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் பலகை. வடக்கு ஜன்னலில் வருடத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே குணத்தோடு இருக்கும். வந்தவர் எவ்வளவு நேரம் பேசினாலும் வெளிச்சம் காத்திருக்கும்.

*

கண்ணாடி வைப்பதா வேண்டாமா என்பதே முதலில் வந்த பெரிய கேள்வி.

பழைய ஸ்டுடியோக்களில் கேமரா அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். கீழே சின்ன மரத்தட்டு. அதில் கயிறு கட்டிய ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, நிறம் மங்கிய பஞ்சு. ஊரில் எல்லார் முகமும் பட்ட பஞ்சு அது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த பையன், பொண்ணு போட்டோ எடுக்க வந்த பெண், ஓய்வூதியப் புத்தகத்துக்குப் படம் வேண்டி வந்த தாத்தா, எல்லாரும் அங்கே நின்று பவுடர் பூசிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். படம் எடுக்கும் முன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

யோசித்து யோசித்து, கண்ணாடியை வைத்தேன், ஆனால் துணி போட்டு மூடி. வேண்டுபவர் விலக்கிப் பார்க்கலாம். சிலர் வந்ததும் விலக்குகிறார்கள். சிலர் போகும்போது. அதைக் குறித்துவைப்பதில்லை. இந்த அறையில் எதையும் சோதித்துப் பார்ப்பதாக வருகிறவருக்குத் தோன்றக் கூடாது.

*

கேமராவுக்கும் உடம்புக்கும் நம் மண்ணில் உள்ள பழைய உறவு நல்லதல்ல. உருவப்படம் எடுக்கிற எவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். எழும்பூரில் இன்று நாம் பிள்ளைகளை அழைத்துப் போகிற அதே அருங்காட்சியகம். அளவுக் கருவிகளையும் கேமராவையும் கட்டிக்கொண்டு தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். உயரம், மார்புச் சுற்றளவு, தலையின் நீள அகலம், மூக்கின் நீள அகலம் எல்லாவற்றையும் அளந்தார். ரங்காச்சாரி உதவியோடு அவர் தொகுத்த தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதே காலத்தில் வங்காளத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு எவ்வளவு அகலமோ சமூகத்தில் அவ்வளவு கீழ்நிலை என்று ஒரு கோட்பாடே எழுதிவைத்தார்.

லண்டனில் லாம்ப்ரே என்பவர் 1869-ல் ஒரு முறையைச் சொன்னார். ஏழடி உயர மரச் சட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூல் கட்டி, அந்தக் கட்டங்களுக்கு முன்னால் மனிதனை நிறுத்திப் படம் எடுப்பது. 1890களில் அந்தமானில் போர்ட்மேன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கட்டம் போட்ட பின்திரைக்கு முன் தீவு மக்களை நிறுத்தினார். முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்.

அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று உறைக்கும். நிற்பவர்களின் கை எங்கே இருப்பது என்று தெரியாமல் தொங்குகிறது. எங்கள் கல்யாண மேடைகளிலும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப முழு உயரப் படம் எடுத்துக்கொள்ளும் பெண்களிடமும் அதே கைகளைப் பார்த்திருக்கிறேன். யாரோ அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்த கைகள் அவை.

ஆகவே ஒரே மாதிரியான சாம்பல் திரை இங்கே கிடையாது. வருகிறவர் தன் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவர வேண்டும். அதுதான் பின்புலம். சுங்குடிச் சேலை வந்திருக்கிறது, ஜமக்காளம் வந்திருக்கிறது. ஒருவர் கல்லூரி விடுதியில் போர்த்திய பெட்ஷீட்டைக் கொண்டுவந்தார், ஓரத்தில் மார்க்கர் பேனாவால் அவருடைய ரோல் நம்பர். துணியை மாட்டும்போதே பாதிப் பேச்சு நடந்துவிடும்.

*

எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன். இதை உங்களிடம் முதலில் சொன்னது யார்?

எதை என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இடம் நினைவிருக்கிறது, உடுத்தியிருந்த துணி நினைவிருக்கிறது, வார்த்தை அச்சு அசலாக நினைவிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் "நீ பின்னாடி நில்லு, மேடை இருட்டாயிடும்" என்ற டீச்சர். பூப்பு நீராட்டு அன்று "இவளுக்கு மாப்பிள்ளை தேட ரெண்டு பங்கு நகை வேணும்" என்ற சித்தி. முன்பு புதுமண்டபத்தில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரர், இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணைச் சொன்னது. அவர் தன் உதவியாளரிடம்தான் சொன்னார், அவன் நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பெண் அதற்குப் பிறகு அளவு கொடுக்கவே போகவில்லை. பழைய ஜாக்கெட்டை அனுப்பி, "இதைவிட கொஞ்சம் லூசா" என்று மட்டும் சொல்லிவிடுவாராம்.

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. பலருக்குத் தாங்கள் சொன்னதே நினைவிருக்காது. கேட்டவர்தான் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கேமராவுக்கு முன்னாலும் போய் நிற்கிறார். உடம்பைப் படம் எடுக்க நினைத்து ஆரம்பித்தேன். அறைக்குள் வருவது உடம்போடு சேர்ந்து அந்த வாக்கியமும்தான் என்பது போகப் போகப் புரிகிறது.

*

"என் மூக்கு இப்படியாக்கா இருக்கு?" போனை நீட்டிய கல்லூரி மாணவி கேட்டாள்.

அது கைநீளத் தூரத்துக்குள் எடுத்த செல்ஃபி. அவ்வளவு கிட்டத்தில் முகத்தின் முன்னால் நிற்கும் மூக்கு பெரிதாகும், பின்னால் இருக்கும் காது சுருங்கும். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் தலைமையில் 2018-ல் வந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒன்றரை மீட்டரில் தெரிவதைவிட, முப்பது சென்டிமீட்டரில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சரிசெய்யச் சொல்லி வருகிறவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் அதை ஆராயவே தொடங்கினார்கள். ஸ்டூலை இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டு, 85 மி.மீ. லென்ஸில் எடுத்து, அதையும் செல்ஃபியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் முகத்தை நாம் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில், இடவலம் மாறித்தான் பார்க்கிறோம். 1977-ல் உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவருடைய படத்தை நேராகவும் இடவலம் திருப்பியும் காட்டினால், அவருக்குத் திருப்பியது பிடிக்கிறது, அவர் நண்பருக்கு நேரானது பிடிக்கிறது. பழகிய முகத்தையே மனம் கேட்கிறது. அதனால் இங்கே இரண்டு பிரிண்டும் போட்டு மேசையில் வைக்கிறேன். "இது நான் இல்லையே" என்பவர், திருப்பிய பிரிண்டைப் பார்த்ததும் "ஆங், இதுதான் நான்" என்கிறார். அப்போது நேரான பிரிண்டை மறுபடி கையில் எடுத்து, இத்தனை பேர் பார்த்துப் பழகிய முகம் இதுவா என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். இந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

*

நிறத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது.

கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவானாலும் 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடும். கறுத்த முகம் சட்டம் முழுக்க நிறைந்தால், போதவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளிறிப்போகும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னாலோ, வெள்ளை வேட்டி சட்டை போட்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்திலோ இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் மிஞ்சும். இரண்டுமே அவர் நிறம் இல்லை. ஆனால் மண்டபத்தில் இத்தனையும் பார்க்க நேரமில்லை. ஆல்பம் டிசைனரிடம் போகும்போது அவர் முகத்தை மட்டும் பிடித்து மூன்று நான்கு சுற்று வெளுப்பாக்கிவிடுவார். மருதாணி வைத்த கை ஒரு நிறம், கன்னம் வேறு நிறம். மகளின் தோளில் கை போட்டு நிற்கும் அம்மா, வேறு குடும்பத்துக்காரர் போல் இருப்பார்.

ஃபிலிம் காலத்திலும் இதுதான் கதை. பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிவந்த ஷெர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பு நிறங்களை ஃபிலிம் நன்றாகப் பிடிக்கவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்களில் சாக்லேட்டுக்கும் மர நாற்காலிக்கும் விளம்பரப் படம் எடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். சாக்லேட் முறையிட்டபோது கேட்டது காது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கறுப்புத் தோலை எடுக்கத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, மரியாதையான கவனம் போதும். ஒளியை முகத்திலிருந்தே அளக்க வேண்டும், அளந்தபின் ஒரு சுற்றுக் குறைக்க வேண்டும். வெளிச்சம் நேராக அடிக்காமல் பக்கவாட்டில், அகலமான ஜன்னலிலிருந்து வர வேண்டும். கறுப்புத் தோல் தன் வடிவத்தை மினுக்கத்தில் காட்டும்: நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்னத்து எலும்பு, கீழுதடு. பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்று சாம்பல் பூக்க வைக்கும். முகத்தைக் கழுவிவிட்டு, உள்ளங்கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து ஒற்றச் சொல்வேன். ஜன்னல் பக்கம் திரும்பியதும் கன்னத்தில் ஒரு நீலம் எழும். நிஜமாகவே நீலம், வானத்தின் வெளிச்சம் தோலில் தெரிவது. அதை எடுத்துக் காட்டினால் நம்பமாட்டார்கள், "ஃபில்டரா?" என்பார்கள்.

சென்னையில் 2017 இறுதியில் நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் கடவுளரைக் கறுப்பு நிறத்தில் எடுத்த படங்கள் வந்தன. லட்சுமி, சரஸ்வதி, முருகன், சிவன். காலண்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேவையான அதிர்ச்சி. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். ஆனாலும் என் தேடல் அங்கே முடிவதில்லை. அந்தப் படங்களில் நிறம் மாறியது, முகங்களோ செதுக்கிய இளம் முகங்களாகவே இருந்தன. கறுப்பும் அழகே என்று சொல்வது ஒரு படி. அழகாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் ஒருவர் படத்தில் இருப்பது அதற்கும் மேலே ஒரு படி. நான் ஏற நினைப்பது அங்கே.

*

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இப்படிப்பட்ட படம் என்றால் உலகம் முழுக்க ஒரு எதிர்பார்ப்பு உண்டு, தழும்பைக் காட்ட வேண்டும் என்று. 1993-ல் நியூயார்க் டைம்ஸ் வார இதழின் அட்டையில் மத்துஷ்கா என்ற கலைஞர் தன் தழும்பைக் காட்டி நின்றது பெரிய விஷயம்தான். அதற்கும் முன்பு பிரிட்டனில் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ், 1982-ல் அறுவைக்குப் போகுமுன், இது தனக்குச் சொந்தமா என்ற கேள்வியைத் தன் மார்பின் மேலேயே எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். மருத்துவர்கள் தன்னிடம் கேட்காமல் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டதற்கு அவர் கொடுத்த பதில் அது. ஸ்பென்ஸ் எனக்கு ஆசான் மாதிரி. அவரிடம் கற்றதைத் தழும்பு காட்டுவது என்று சுருக்கிவிடக் கூடாது. முடிவு உடம்புக்குரியவருடையது என்பதுதான் அவரிடம் கற்றது.

டீச்சர் நீலக் கரை போட்ட காட்டன் சேலையில் வந்தார். பின் குத்திய முந்தானை, மடிப்புக் கலையாமல். ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மஞ்சப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். வெள்ளை மல் துணியில் கையால் தைத்த சின்னப் பை. உள்ளே கடுகு. "கடையில விக்கிறது ரொம்ப விலைம்மா. பஞ்சு வச்சா மேல ஏறிடுது. கடுகுன்னா கனம் இருக்கும், தோள் ஒரு பக்கமா சாயாது" என்றார். தையல் ரொம்ப நுணுக்கம். ஓரத்தில் சங்கிலித் தையல் போட்டிருந்தார், யாரும் பார்க்கப் போகாத இடத்தில். "இத எடும்மா. நான் தச்சதிலேயே நல்லா வந்தது இதுதான்."

உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முகம் நேராக, கண் லென்ஸில். வெளிச்சம் மல் துணி வழியாகப் போய், உள்ளே கடுகின் கருமை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தழும்பு எங்கே என்று அந்தப் படத்தைப் பார்த்து எவரும் கேட்கலாம். அதைக் காட்டும் கடமை அவருக்கு இல்லை, கேட்கும் உரிமை எனக்கும் இல்லை.

*

ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள். வருகிறவர்கள் கேமராவைப் பற்றி நிறையக் கேட்பார்கள், எத்தனை மெகாபிக்சல், என்ன விலை. கேட்டு முடித்தபிறகுதான் உட்காருவார்கள்.

மருந்துக் கம்பெனி ரெப் ஒரு தம்பி. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, டை. கழுத்தோரம் வியர்வை ஊறிச் சட்டை ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டு பனியன் போட்டிருந்தான். பள்ளியில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது "இவன் வேணாம், காத்தடிச்சாப் பறந்துருவான்" என்று யாரோ சொன்ன நாளிலிருந்து இரண்டு. "பழகிருச்சுக்கா. ஒண்ணு போட்டா அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கு."

பெண்கள் உடம்பைப் பற்றிக் கேட்கும் பேச்சுக்கு இப்போதாவது எதிர்ப்பேச்சு உண்டு. இவனுக்கு அது எங்கேயும் இல்லை. தன் வருத்தத்தை வருத்தம் என்று சொல்லவே கூச்சப்படுகிறான். சினிமாவில் ஒல்லியானவன், குள்ளமானவன், சொட்டைத் தலையன் எல்லாரும் சிரிப்புக் காட்சிக்கு வந்து போகிறவர்களாகவே பார்த்து வளர்ந்தவன். படம் எடுக்கும் நேரத்தில் "ஒண்ணக் கழட்டிறவா?" என்றான். "உன் இஷ்டம்" என்றேன். கழற்றவில்லை. இரண்டு பனியனோடு எடுத்தோம். டையை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

*

முகம் இல்லாமல் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சொந்தக்காரர் பார்த்துவிடுவார்களே என்ற பயம், நியாயமான பயம். ஜான் கோப்ளான்ஸ் என்ற புகைப்படக்காரர் அறுபது வயதைக் கடந்தபின், 1984 முதல், தன் கிழட்டு உடம்பைத் தானே எடுத்தார். தொங்கும் வயிறு, முடி முளைத்த முதுகு, விரிந்த பாதம். தலை மட்டும் எந்தப் படத்திலும் கிடையாது. பெரிய கலைஞர். ஆனால் அவர் எடுத்தது தன் உடம்பை. அடுத்தவர் உடம்பைத் தலை இல்லாமல் நான் எடுத்தால், தர்ஸ்டனுக்கு ஒரு தொகுதி கூட்டியவள் ஆவேன். ஆகவே வேறு வழி வைத்திருக்கிறேன். முகம் வேண்டாம் என்பவர் கையையோ, பின்கழுத்தையோ, தான் கொண்டுவந்த துணியை மட்டுமோ எடுக்கச் சொல்லலாம். வயிற்றை மட்டும், தொடையை மட்டும் எடுப்பதில்லை.

கேபிள் ரிலீசை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஷட்டர் எப்போது விழ வேண்டும் என்று அவர்களே தீர்மானிக்கலாம். எடுத்தவற்றில் எது நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் முடிவு. எனக்கு உயிராகத் தோன்றிய படத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிடுவார்கள். மனசு அடித்துக்கொள்ளும், வாதாடுவதில்லை. பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் தங்கள் கையெழுத்தில் அவர்கள் ஒன்று எழுதலாம். அமெரிக்காவின் ஜிம் கோல்ட்பர்க் பணக்காரர்களையும் ஏழைகளையும் எடுத்து, அவரவர் படத்தின் மேல் அவரவரையே எழுத வைத்து 1985-ல் வெளியிட்ட புத்தகம் காட்டிய வழி இது. டீச்சர் தன் படத்தின் ஓரத்தில் கடுகு நூறு கிராம், மல் துணி கால் மீட்டர் என்று செய்முறை எழுதினார். வேறு யாருக்காவது உதவுமே என்று.

பதினெட்டு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. சம்மதக் கடிதம் தமிழில், ஒரே பக்கத்தில். இந்தப் படங்களின் கண்காட்சி திறக்கும் காலை வரை யார் வேண்டுமானாலும் தன் படத்தைத் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் சுவரில் ஆணி மட்டும் இருக்கும்.

*

ஸ்டுடியோ வைத்திருக்கும், ஆல்பம் டிசைன் செய்யும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிழைப்பும் என் பிழைப்பும் ஒன்றுதான், வாடிக்கையாளர் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கேட்காதவருக்கும் சேர்த்துச் செய்யாதீர்கள். நிறத்தை ஏற்றுமுன், இடுப்பைக் குறைக்குமுன், தாடையைக் கூராக்குமுன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டால் போதாது, அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் திருத்தாத படத்தையும் அதே பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.